சிறிய தாள் சொல்லும் செய்தி

கடதாசி விளையாட்டைப் பற்றி ஒரு கத்தோலிக்க வார ஏட்டில் எழுதுவதா என்று சில வாசகர்கள் முகஞ் சுளிக்கக்கூடும். அவர்களுடைய தயக்கத்தில் நியாயம் உண்டு. கடதாசியால் கெட்ட குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். மாதச் சம்பளத்தைப் பணயம் வைத்துத் தோற்றுவிட்டு, நள்ளிரவில் வெறுங்கையுடன் வீடு திரும்பும் தகப்பனுக்காக விளக்கைக் கொளுத்திவைத்துக் காத்திருந்த தாய்மாரும் நமது பங்குகளில் இருந்திருக்கிறார்கள். அத்தகைய சூதாட்டத்தைப் பற்றி இங்கே பேச்சில்லை. திருச்சபையின் போதனை இவ்விடயத்தில் தெளிவானது. விளையாட்டு தன்னளவில் பாவமன்று. ஒருவனுடைய சீவியத்துக்கும் அவனை நம்பியிருப்போரின் சீவியத்துக்கும் வேண்டியதை அது பறிக்கும்போதும், அவனைத் தனக்கு அடிமையாக்கும்போதும், அதில் களவு புகும்போதுமே அது குற்றமாகிறது.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. பலமில்லாத, பெறுமதியில்லாத, கண்ணில் படாத ஒன்றைக் கவனிப்பது நமக்குக் கடமையா? அல்லது செய்தால் நல்லது, செய்யாவிட்டால் குற்றமில்லை என்னும் வகையைச் சேர்ந்த ஒரு நற்குணம் மட்டும்தானா? இந்தக் கேள்விக்கு விடை தேட, பிரிட்ஜ் எனப்படும் கடதாசி விளையாட்டு எனக்கு உதவியது. அதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மேசையில் நால்வர்

நமது வீடுகளில் முந்நூற்றுநாலு தெரியாதவர்கள் குறைவு. கலியாண வீட்டுக்கு முதல்நாள் இரவும், செத்த வீட்டில் விழித்திருக்கும் இரவும் அது இல்லாமற் கழிவதில்லை. அதில் 32 தாள்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என்று பெறுமதி. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமேயில்லை. ஓர் இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. எட்டும் ஏழுமாகக் கைக்கு வந்தால் நாம் சலித்துக்கொள்வது இயல்பு.

பிரிட்ஜும் இதே போல் நால்வர் இருவர் இருவராகச் சேர்ந்து ஆடும் விளையாட்டுத்தான். இங்கிலாந்தில் ஆடப்பட்ட ‘விஸ்ட்’ என்னும் பழைய ஆட்டத்திலிருந்து அது வளர்ந்தது. இன்று உலகெங்கும் ஆடப்படும் முறையை 1925இல் ஹரோல்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கர் ஒரு கப்பற் பயணத்தின்போது ஒழுங்குபடுத்தினார். அதில் 52 தாள்களும் உண்டு, ஒருவருக்கு 13. இத்தனை பிடிகளை எடுப்போம் என்று ஒரு சோடி வாக்குக் கொடுக்கிறது. அந்தச் சோடியில் ஒருவர் ஆடுவார். மற்றவர் தமது தாள்கள் அனைத்தையும் மேசைமேல் விரித்துவைத்துவிட்டுச் சும்மா இருப்பார். எதிரே இருக்கும் மற்றச் சோடியின் வேலை அந்த வாக்கை முறிப்பது. அவர்கள் தடுத்தாடுபவர்கள்.

தடுத்தாடுவதுதான் இந்த விளையாட்டில் மிகக் கடினமான பகுதி என்பதைப் பிரிட்ஜ் ஆடுவோர் பொதுவாக ஒப்புக்கொள்வர். வாக்குக் கொடுத்தவர் தம்முடைய கையையும் தம் கூட்டாளியின் கையையும் முழுமையாகக் காண்கிறார். தடுத்தாடுபவருக்கோ தமது 13 தாள்களும், மேசையில் விரித்த 13 தாள்களும் மட்டுமே தெரியும். மறைந்திருக்கும் 26 தாள்களில் தம்முடைய கூட்டாளியிடம் உள்ளவை எவை என்பது தெரியாது. வாய் திறந்து கேட்கவும் முடியாது. கூட்டாளி சொல்ல விரும்புவதை மேசையில் விழும் தாள்களிலிருந்துதான் அறிந்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் சிறிய தாள்களுக்கு வேலை வருகிறது.

இரண்டும் மூன்றும் பேசும் முறை

ஆஸும் ராசாவும் பிடி எடுக்கப் பிறந்தவை. அவற்றை எப்போது போடுவது என்பதை ஆட்டமே பெரும்பாலும் தீர்மானித்துவிடும். பிடி எடுக்க முடியாத இரண்டு, மூன்று, ஏழு, எட்டு ஆகியவற்றில் எதை முன்னே போடுவது, எதைப் பின்னே போடுவது என்பதில் ஆடுபவருக்குச் சுதந்திரம் உண்டு. அந்தச் சுதந்திரத்தைக் கொண்டுதான் தடுத்தாடும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மேசையில் விரித்த கையில் ஓர் இனத்தில் ராசா, ராணி, ஜாக், பத்து, ஐந்து என ஐந்து தாள்கள் கிடக்கின்றன. அந்தக் கைக்குள் போவதற்கு வேறு இனத்தில் வழியில்லை. அந்த இனத்து ஆஸ் உங்களிடம் இருக்கிறது. கூடவே இரண்டு சிறு தாள்கள். எதிராளி அந்த இனத்தை இறக்குகிறார். ஆஸை எப்போது போடுவது? முந்திப் போட்டால், எதிராளியிடம் அந்த இனத்தில் இன்னும் ஒரு தாள் மிச்சமிருக்கும். அதைக் கொண்டு மேசைக் கைக்குள் புகுந்து மீதிப் பிடிகள் எல்லாவற்றையும் வாரிக்கொள்வார். பிந்திப் போட்டால் ஒரு பிடியை வீணாக அவருக்குக் கொடுத்தவராவீர்கள். அவருடைய கடைசித் தாள் விழும் சுற்றில் போட வேண்டும். அது இரண்டாம் சுற்றா, மூன்றாம் சுற்றா?

உங்கள் கையைப் பார்த்து இதை அறிய முடியாது. மேசையில் ஐந்து, உங்களிடம் மூன்று. மீதி ஐந்து தாள்கள் கூட்டாளிக்கும் எதிராளிக்கும் இடையே பிரிந்திருக்கின்றன. கூட்டாளியிடம் உள்ளவை ஏழும் மூன்றும். இரண்டும் ஒரு பிடிக்கும் உதவாதவை. ஆனால் அவர் முதற் சுற்றில் ஏழையும் அடுத்த சுற்றில் மூன்றையும் போடுகிறார். பெரியது முன்னே, சிறியது பின்னே வந்தால் தம்மிடம் இரட்டை எண்ணிக்கை என்பது பொருள். அப்படியானால் எதிராளியிடம் மூன்று; நீங்கள் மூன்றாம் சுற்றில் ஆஸைப் போட வேண்டும். சிறியதை முன்னே போட்டிருந்தால் ஒற்றை எண்ணிக்கை, எதிராளியிடம் இரண்டு, இரண்டாம் சுற்றிலேயே போட வேண்டும். உங்கள் ஆஸின் பயன் கூட்டாளியின் ஏழிலும் மூன்றிலும் தங்கியிருக்கிறது.

இன்னொன்று. துரும்பில்லாத ஆட்டத்தில் கூட்டாளி முதலில் இறக்கும் தாள், வழக்கப்படி, அவருடைய நீண்ட இனத்தில் மேலிருந்து நான்காவது தாளாக இருக்கும். அதன் எண்ணை 11இலிருந்து கழித்தால், அதற்கு மேலான தாள்கள் மற்ற மூன்று கைகளிலும் எத்தனை இருக்கின்றன என்பது தெரிந்துவிடும். கூட்டாளி இஸ்கோப்பனில் ஆறைப் போடுகிறார். 11இல் 6 போக 5. மேசைக் கையில் ராணி, எட்டு, இரண்டு. ஆறுக்கு மேல் இரண்டு தாள்கள். உங்களிடம் ஆஸ், ஜாக், ஒன்பது, மேலே மூன்று. ஐந்தும் கணக்கில் வந்துவிட்டன. ஆகவே எதிராளியிடம் ஆறை வெல்ல ஒரு தாளும் இல்லை. மேசையிலிருந்து எட்டு விழுந்தால் நீங்கள் ஒன்பதைப் போட்டாலே போதும். அந்த ஆறைப் பாராதவர் பதறிப்போய் ஆஸைப் போடுவார். அப்படிப் போட்டால் மேசையிற் கிடக்கும் ராணி பிற்பாடு ஒரு பிடி எடுத்துவிடும். ஒரு பிடிதானே என்று சொல்ல முடியாது. எதிராளியின் வாக்கு நிறைவேறுவதும் முறிவதும் அநேகமாக அந்த ஒரு பிடியில்தான்.

குரல் உயர்த்தத் தடை

பிரிட்ஜின் சட்டத்தில் ஒரு முக்கியமான விதி உண்டு. கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் செய்தி சொல்வது, கேள்வி கூறுவதாலும் தாள் போடுவதாலும் மட்டுமே நடைபெறலாம். தாளை ஓங்கி அடித்துப் போடக்கூடாது. வேண்டுமென்று தயங்கிப் போடக்கூடாது. முகத்தைச் சுளிக்கவோ பெருமூச்சு விடவோ கூடாது. இன்ன தாளுக்கு இன்ன பொருள் என்று கூட்டாளிகள் செய்துகொண்ட உடன்பாட்டையும் எதிராளிகள் அறியும்படி வெளிப்படையாக வைத்திருக்க வேண்டும். 1975இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில், மேசைக்குக் கீழே ஒருவர் தமது கூட்டாளியின் காலைக் காலால் தொட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்து, அந்தச் சோடி கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. தாளின் மூலம் பேசுவது நேர்மை. காலின் மூலம் பேசுவது களவு.

இந்த விதியின் விளைவு என்ன என்பதை நான் நெடுங்காலம் யோசிக்கவில்லை. தேவையில் இருப்பவர் தம் தேவையை உரத்துச் சொல்ல முடியாது என்று சட்டம் கட்டிவைத்திருக்கிறது. அவரால் இயன்றது ஏழைப் போட்டு மூன்றைப் போடுவது மட்டுமே. அதற்கு மேல் ஒன்றுஞ் செய்ய அவருக்கு வழியில்லை. அப்படியானால் அந்தச் செய்தி சேர்வதும் சேராமற் போவதும் யார் கையில் இருக்கிறது? முழுக்க முழுக்கப் பார்ப்பவர் கையில். பேசுபவர் தமது பங்கைச் செய்து முடித்துவிட்டார். மீதிப் பொறுப்பு இப்போது எதிரே இருப்பவர்மேல் விழுந்துவிட்டது.

நான் இளைஞனாக இருந்த காலத்தில், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் வீட்டு விறாந்தையில் ஞாயிறு மாலைகளில் பிரிட்ஜ் பழகினேன். மாஸ்டர்தான் என் கூட்டாளி. ஒரு நாள் என் கையில் ஓர் இனத்து ஆஸும் ராசாவும் இருந்தன. ராசாவை இறக்கினேன்; மாஸ்டர் எட்டைப் போட்டார். ஆஸை இறக்கினேன்; அவர் இரண்டைப் போட்டார். அந்த இனத்தில் தம்மிடம் இனி ஒன்றுமில்லை, மூன்றாவதாகவும் அதையே இறக்கினால் துரும்பால் வெட்டுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். நானோ இரண்டு பிடி எடுத்த பெருமிதத்தில் வேறோர் இனத்துக்கு மாறினேன். எதிராளிகளின் வாக்கு நிறைவேறிவிட்டது. மாஸ்டர் கோபிக்கவில்லை. தாள்களைச் சேர்த்துக்கொண்டே, “தம்பி, நான் எட்டைப் போட்டன், பிறகு ரெண்டைப் போட்டன். நீர் பாக்கேல்லை. இதுக்கு மேலை நான் என்னெண்டு சொல்லுறது?” என்றார்.

நான் பாராமைக்குக் காரணம் அறிவுக் குறைவல்ல. எட்டுக்குப் பின் இரண்டு வந்தால் என்ன பொருள் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் என் கண் என் ஆஸின் மேலும் என் ராசாவின் மேலும் இருந்தது. எதிரே ஒருவர் எனக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார் என்ற நினைவே எனக்கு எழவில்லை.

வீட்டிலும் இதே விதி

பிரிட்ஜ் மேசையில் குரல் உயர்த்தத் தடை விதித்தது சட்டம். வாழ்க்கையில் அதே தடையை வயதும், கூச்சமும், வறுமையும், அன்புமே விதித்துவிடுகின்றன. வயோதிபர் தமது நோவைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்று அஞ்சிச் சொல்வதில்லை. புதிதாக வந்த மருமகள் தன் மனக்குறையை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அடுப்படியில் நின்றுவிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் அவமானப்பட்ட பிள்ளைக்கு அதைச் சொல்லச் சொற்கள் கிடைப்பதில்லை. வயிற்றுநோ என்று சொல்லி வீட்டில் நின்றுகொள்கிறது. கடன்பட்ட அயலவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார்; வழக்கமாக வரும் நேரத்துக்கு வருவதை மட்டும் நிறுத்திவிடுவார். இவர்கள் எல்லோரும் தங்களால் இயன்ற தாளைப் போட்டுவிட்டார்கள். அதற்கு மேல் சொல்ல அவர்களுக்கு வழியில்லை.

ஆகவே என் கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான்: சிறியதைக் கவனிப்பது தயவு அல்ல, நீதி. ஒருவர் உரத்துப் பேச முடிந்தும் பேசாமல் இருந்தால், நான் கவனியாதது சிறு குறையாக இருக்கலாம். அவரால் பேசவே முடியாதபோது, என் கவனம் அவருக்கு நான் கொடுக்கவேண்டிய கடனாகிவிடுகிறது. கடனைக் கொடாமல் விட்டவன், நான் ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லையே என்று சொல்லித் தப்ப முடியாது.

கூட்டத்தில் ஒரு தொடுகை

நற்செய்தியில் இதற்கு ஒப்பற்ற ஒரு காட்சி உண்டு. செபக்கூடத் தலைவராகிய யாயீரின் மகள் சாகும் தறுவாயில் இருக்கிறாள். ஊரில் மதிப்புள்ள மனிதர். காலில் விழுந்து மன்றாடுகிறார். எல்லோருக்கும் கேட்கத்தக்க குரல். ஆண்டவரும் அவருடன் புறப்படுகிறார். வழியெல்லாம் சனக்கூட்டம் நெருக்குகிறது. அந்த நெருக்கடியில், 12 வருடங்களாகப் பெரும்பாட்டினால் வருந்திய ஒரு பெண் பின்னாலே வந்து அவருடைய ஆடையைத் தொடுகிறாள். அவளுடைய நோயை அந்நாளைய சட்டம் தீட்டு என்று கருதியது. அவள் முன்னே வந்து கேட்க முடியாது. அவளால் முடிந்தது அந்தத் தொடுகை மட்டும்.

இயேசு பெருமான் நின்றுவிட்டார். தம்மைத் தொட்டவர் யார் என்று கேட்டார். சீடர்களுக்கு அது விளங்கவில்லை. இத்தனை பேர் நெருக்கும்போது இதென்ன கேள்வி என்று எண்ணினார்கள். அவர்களுடைய கணக்கில் அது நூறில் ஒரு தொடுகை. அவருக்கோ அது ஒருவருடைய குரல். பெரிய மனிதரின் அவசரம் ஒருபுறம் காத்திருக்க, அந்தப் பெண் சொல்ல வந்தது முழுவதையும் கேட்டுவிட்டே அவர் மேலே நடந்தார். யாயீரின் மகளுக்கும் அதனால் ஒரு நட்டமும் வரவில்லை.

கானாவூர்க் கலியாண வீட்டையும் நினைத்துப் பாருங்கள். இரசம் தீர்ந்துபோனதைப் பந்திக்குப் பொறுப்பானவர் அறியுமுன் அறிந்தவர் அன்னை மரியாள். விருந்துண்ண வந்தவர்களுள் ஒருவராக இருந்தும், வீட்டுக்காரரின் முகம் கறுத்ததை அவர் கண்டுகொண்டார். அவரிடம் யாரும் முறையிட்டதாக நற்செய்தியில் இல்லை.

புனித சிறிய தெரேசம்மாளின் வாழ்க்கையிலும் இதைக் காண்கிறோம். 1873இல் பிறந்து 1897இல் 24 வயதில் இறந்த இவர், லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தை விட்டு வெளியே வந்து பெரிய காரியம் எதுவும் செய்தவரல்லர். ஆயினும் 1997இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தது. மடத்தில் வயது முதிர்ந்து நடக்கமாட்டாத ஒரு கன்னியாஸ்திரி இருந்தார். எவர் உதவினாலும் குறை காண்பவர். ஒவ்வொரு மாலையும் அவரைத் தாங்கி உணவறைக்குக் கூட்டிச் செல்லும் வேலையைத் தெரேசம்மாள் தாமாகவே ஏற்றுக்கொண்டார். கொண்டுபோய் இருத்திவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்த முதியவரின் கைகள் பாணை வெட்ட முடியாமற் தடுமாறுவதை அவர் கவனித்தார். அன்றிலிருந்து பாணையும் வெட்டிக் கொடுத்துவிட்டே சென்றார். முதியவர் அதைக் கேட்கவில்லை. கேளாமற் செய்த அந்தச் சிறு உதவிதான் அவருடைய மனத்தை வென்றது.

இரண்டு மறுப்புகள்

இதற்கு மாறாகச் சொல்லக்கூடியவை உண்டு. எல்லாச் சிறு காரியங்களையும் பார்த்துக்கொண்டிருந்தால் மனிதன் சீவிக்க முடியுமா என்று ஒருவர் கேட்கலாம். இன்னொருவர், சிறியதைத் தேடித் தேடிப் பார்ப்பதுதானே பரிசேயர் செய்த பிழை என்று கேட்கலாம். புதினாவுக்கும் சீரகத்துக்கும் பத்திலொரு பங்கு கணக்கிட்டுக் கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை ஆண்டவர் கண்டித்தார் அல்லவா?

முதற் கேள்விக்குப் பிரிட்ஜ் மேசையே பதில் தருகிறது. நன்றாகத் தடுத்தாடுபவர் 52 தாள்களையும் ஒரே அளவாக மனத்திற் பதித்து வைப்பதில்லை. இந்த ஆட்டத்தில் எந்த இனம் முக்கியம், என் கூட்டாளி எதைப் பற்றி எனக்குச் சொல்ல விரும்பக்கூடும் என்று முதலிலேயே தம்மைக் கேட்டுக்கொள்கிறார். பிறகு அந்தத் தாள்கள் விழும்போது அவர் கண் தானாகவே அங்கே போகிறது. நாமும் உலகத்துச் சிறுமைகள் எல்லாவற்றையும் சுமக்கத் தேவையில்லை. நம்மோடு ஒரே மேசையில் இருப்பவர்கள் யார் என்று அறிந்திருந்தால் போதும். அவர்கள் பெரும்பாலும் நாலைந்து பேர்தான்.

இரண்டாவது கேள்வி ஆழமானது. சிறியதைப் பார்ப்பதில் இருவகை உண்டு. பரிசேயன் சிறியதைப் பார்த்தது தன் நீதியை எண்ணிக்காட்ட. அயலானின் கண்ணிற் கிடக்கும் துரும்பைத் தேடுபவன் பார்ப்பது குற்றம் பிடிக்க. இருவரும் தங்களுக்காகவே பார்க்கிறார்கள். கூட்டாளியின் தாளைப் பார்ப்பவரோ கூட்டாளிக்காகப் பார்க்கிறார். அவருடைய கை நிறைவேற வேண்டும் என்பதற்காகப் பார்க்கிறார். மருமகள் எத்தனை மணிக்கு எழும்பினாள் என்று கவனிக்கும் கண்ணும், மருமகள் சாப்பிட்டாளா என்று கவனிக்கும் கண்ணும் ஒரே கண்ணாக இருக்கலாம். ஆனால் முதலாவது உளவு, இரண்டாவது அன்பு.

பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்ல் (1909–1943) யூதக் குடும்பத்திற் பிறந்து கிறிஸ்துவை நாடி வந்தவர். பள்ளிப் பாடங்களைப் பற்றி 1942இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் ஓர் எண்ணத்தை முன்வைக்கிறார். ஒரு கணக்கின் மேல் மாணவன் மெய்யாகவே கவனம் செலுத்தினால், விடை பிழைத்தாலும் அந்தக் கவனம் வீணாவதில்லை. ஒரு நாள் செபத்திலும், துன்பப்படுபவரின் அருகில் இருக்கும்போதும் அது பயன் தரும் என்கிறார். கவனம் என்பது பயிற்சியால் வருவது என்பதே இதன் உட்பொருள். பாடத்துக்குப் பொருந்துவது ஒரு நல்ல விளையாட்டுக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கிறேன்.

ஒன்றுமில்லாத கை

ஆஸும் ராசாவும் வைத்திருப்பவர்களைப் பற்றியே இதுவரை பேசினேன். மறுபக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு சொல் உண்டு. ஒன்பதுக்கு மேல் ஒரு தாளும் இல்லாத கைக்குப் பிரிட்ஜில் ‘யார்பரோ’ என்று பெயர். ஆங்கிலேயப் பிரபு ஒருவரின் பட்டப் பெயர் அது. அப்படியொரு கை வராது என்று ஆயிரத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் அவர் பந்தயம் கட்டுவாராம். 1828 கைகளுக்கு ஒன்றுதான் அப்படி அமையும் என்பது கணக்கு. ஆதலால் பிரபுவுக்கு இலாபந்தான்.

அத்தகைய கை வந்தவர், எனக்கு ஒன்றும் வரவில்லை என்று சொல்லிச் சாய்ந்திருந்து கையில் அகப்பட்டதைப் போடுவார். அங்கேதான் அவர் பிழைவிடுகிறார். அவரிடம் பிடி இல்லை. ஆனால் செய்தி இருக்கிறது. அவருடைய ஏழையும் மூன்றையும் ஒழுங்காகப் போட்டால் கூட்டாளியின் ஆஸ் காப்பாற்றப்படும். ஏனோதானோ என்று போட்டால் கூட்டாளி ஏமாந்துபோவார். நம்மிடையே நோயாலோ முதுமையாலோ, இனி என்னால் என்ன பயன் என்று ஒதுங்கியிருப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சிறியவற்றில் உண்மையாய் இருப்பவனைப் பற்றி ஆண்டவர் சொன்னது பெரியவை உள்ளவர்களுக்காக மட்டுமல்ல. உங்கள் நோவை உள்ளபடி சொல்லுங்கள். ‘எனக்கொன்றுமில்லை’ என்று பொய்த் தாள் போடாதீர்கள். எதிரே இருப்பவர் பார்க்கக்கூடும்.

செபமாலை வேளையில்

கடைசியாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சொல்வதா விடுவதா என்று நெடுநேரம் யோசித்தேன்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு இரவும் செபமாலை சொல்வது வழக்கம். அம்மா ஐந்து காரணிக்கங்களும் முடியும்வரை முழந்தாளில் நிற்பார். பிள்ளைகள் நாங்கள் இடையில் அமர்ந்தாலும் அவர் அமரமாட்டார். ஒரு வருடம் தவக்காலத்தின்போது மூன்றாம் காரணிக்கத்தில் அவர் பாயில் அமரத் தொடங்கினார். சில கிழமைகளில் முதற் காரணிக்கத்திலேயே அமர்ந்தார். கோயிலில் எப்போதும் முன்வரிசையில் இருப்பவர் வாசலுக்குக் கிட்ட இருக்கத் தொடங்கினார். கிணற்றில் தண்ணீர் அள்ளத் தம்பியைக் கூப்பிட்டார். எல்லாம் என் கண்முன்னேதான் நடந்தது. எனக்கு அப்போது புது உத்தியோகம். மனம் முழுவதும் அதில்தான் இருந்தது.

வைத்தியர், எவ்வளவு காலமாக இந்த நோ இருக்கிறது என்று எங்களைக் கேட்டபோது ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அம்மாதான் மெல்லச் சொன்னார்: “ஏழெட்டு மாசமிருக்கும்.” அந்த வருடம் மார்கழியில் அவர் இறைவனடி சேர்ந்தார். முந்திக் கண்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. அதை நான் இப்போது கேட்பதுமில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த ஏழெட்டு மாதத்தையும் அவர் எங்கள் நடுவிலே இருந்துகொண்டு தனியாகச் சுமந்தார். எட்டைப் போட்டார், பிறகு இரண்டைப் போட்டார். அதற்கு மேல் அவர் எப்படிச் சொல்வது?

நான் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது, குருவானவர் இது பாவமா இல்லையா என்று விவாதிக்கவில்லை. இப்போது வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பெயர்களைச் சொன்னேன். அவர்கள் ஒவ்வொருவரிலும் இந்தக் கிழமை என்ன மாற்றம் கண்டீர் என்று கேட்டார். மூன்று பேரைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அடுத்த முறை வரும்போது சொல்லும் என்றார். அதுவே என் அபராதம்.

அந்த அபராதத்தை நான் இன்னும் செய்துகொண்டிருக்கிறேன். வாசகர்களும் விரும்பினால் என்னோடு சேர்ந்துகொள்ளலாம். இன்றிரவு செபமாலைக்குக் கூடும்போது, யார் எங்கே இருக்கிறார், யார் முழந்தாளில் நிற்கிறார், யார் அமர்ந்துவிட்டார் என்று ஒருமுறை பாருங்கள்.